நூறு சைக்கிள் ரீங்காரம்

சாத்தான்குளம் பக்கம் கோயில் கொடையில் “ரேடியோ செட் வந்தாச்சா?” என்று யாராவது கேட்டால், அவர் வானொலியைத் தேடவில்லை. ஆம்ப்ளிஃபையர், மைக், கூம்புக் குழாய் மூன்றும் சேர்ந்ததுதான் ரேடியோ செட். வால்வு காலத்தில் முதல் பாட்டுக்கு முன்னாடியே குழாயிலிருந்து ‘ம்ம்ம்…’ என்று ஒன்று கிளம்பும். கூட்டத்துக்கு அது வெறும் இரைச்சல், மெக்கானிக்குக்கு அதுதான் முதல் தகவல்.

அந்த ரீங்காரம் மின்சாரத்தின் சொந்தக் குரல். தாமிரபரணித் தண்ணீரில் பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1944இல். அதன் பிறகு இந்தப் பக்கத்து ஊர்களுக்கு மெல்ல மெல்லக் கம்பி வந்தது. நம்ம மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதாவது 50 சைக்கிள். வால்வுக்கோ ஒரே திசையில் ஓடும் மின்சாரம் வேண்டும். அப்படித் திருப்பும்போது ஒவ்வொரு சுற்றும் இரண்டு துடிப்பாகி, நொடிக்கு 100 துடிப்பு வரும். அந்த மேடுபள்ளத்தைச் சமன் செய்வது பெரிய கண்டன்சர். அது வயதாகிக் காய்ந்துபோனால் 100 சைக்கிள் ஸ்பீக்கரில் பாடும். எர்த் சரியில்லை, வால்வைச் சூடாக்கும் கம்பி தொந்தரவு செய்கிறது என்றால் கேட்பது 50. இரண்டும் ஒரே சுரம், ஸ்தாயிதான் வேறு. அமெரிக்காவில் அதே கோளாறு 60, 120 என்று ஒலிக்கும்.

எதிரொலி ஆசை கடல் தாண்டியும் வந்தது. 1952இல் அகில இந்திய வானொலியில் அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டுக்குக் கடிவாளம் போட, தெற்கே எல்லாரும் இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். சாத்தான்குளத்துக்குச் சென்னையைவிடக் கொழும்பு பக்கம். அங்கிருந்து வந்த பாட்டுகளில் கிதாரும் எதிரொலியும் கலந்திருந்தன. கேட்ட காது மேடையிலும் அதையே எதிர்பார்த்தது. மெல்லிசைக் கச்சேரிகளுக்கு எக்கோ மெஷினும் வந்தது.

அமெரிக்காவில் வேறு வழி. ஹேமண்ட் ஆர்கனுக்காக உருவான ஸ்பிரிங் ரிவெர்பை ஃபெண்டர் கம்பெனி 1961இல் தனிப்பெட்டியாக விற்றது. 1963இல் வைப்ரோவெர்ப் ஆம்ப்ளிஃபையருக்குள்ளேயே வைத்தது. ஒரு முனையில் கிதார் ஒலி ஸ்பிரிங்கை ஆட்டும். மறுமுனைக் காயில் அந்த ஆட்டத்தை மறுபடி மின்சாரமாக்கும். திரும்பி வருவது துளியூண்டு சிக்னல். அதைப் பெருக்க ஒரு வால்வு வேண்டும். அந்த இடத்தில் நுழையும் இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்கிவிடும்.

கோளாறைப் பிடிக்கும் முறை எளிது. ரிவெர்ப் திருகை ‘0’வில் வை. ரீங்காரம் நின்றால் குற்றவாளி ரிவெர்ப் வழியில்தான். நிற்காவிட்டால் பவர் சப்ளைப் பக்கம் போ. அடுத்து, ஸ்பிரிங் பெட்டியிலிருந்து திரும்பும் ஒயரைக் கழற்றி, ஆம்ப்ளிஃபையர் பக்கத்து வாயை எர்த்தோடு சேர். சத்தம் தொடர்ந்தால் பெருக்கும் வால்வும் அதன் சுற்றும். நின்றால் பெட்டி அல்லது ஒயர். அப்போது பெட்டியை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும், சத்தம் கூடிக் குறைந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் காயிலில் ஏறுகிறது. பல நேரம் பெட்டியைத் திசை மாற்றிப் பொருத்தினாலே போதும். வால்வைப் பென்சிலால் லேசாகத் தட்டும்போது ஸ்பீக்கரில் ‘டங்’ என்று மணியோசை வந்தால் அந்த வால்வு கிழடு. ஒன்று முக்கியம்: சுவிட்சை அணைத்த பிறகும் கண்டன்சரில் 400 வோல்ட் வரை நிற்கலாம். அதை வடித்துவிட்டுத்தான் உள்ளே கை வைக்க வேண்டும்.

டிரான்சிஸ்டர் வந்தது, வால்வு செட்டுகள் பரணில் ஏறின. பழுதுபார்த்தவர்கள் எழுதி வைக்கவில்லை. இந்த அறிவு கையிலிருந்து கைக்குத்தான் போனது. இன்று பழைய ஆம்ப்ளிஃபையரைத் தேடி வாங்கும் பிள்ளைகள் முதல் வேலையாக எல்லா வால்வையும் மாற்றிவிடுகிறார்கள். சத்தம் போனாலும் எந்த வால்வு, எந்த இணைப்பு என்பது தெரியாமலே போகிறது. திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்துதான். கழற்றுமுன் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேளுங்கள், ஐம்பதா நூறா என்று.