ஒட்டுக்கேட்கும் கருவியும் மாறிக்கொண்டே இருக்கும் கெர்னலும்

ஆசிரிய நண்பர்களே, கணினியில் ஒரு கோப்பைத் திறக்கிறோம். நாம் பயன்படுத்தும் செயலிதான் அதைத் திறக்கிறது என்று நினைப்போம், இல்லீங்களா? உண்மையில் செயலிக்கு அந்த அதிகாரம் கிடையாது. இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் அது கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்குப் பெயர்தான் 'சிஸ்டம் கால்'. திற, படி, எழுது என ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண் உண்டு.

இந்தக் கோரிக்கைகளை ஒட்டுக்கேட்டு வரிவரியாகக் காட்டும் கருவி ஸ்ட்ரேஸ். 1991-இல் பால் கிரானென்பர்க் இதைச் சன்ஓஎஸ் இயங்குதளத்துக்காக எழுதினார். பிராங்கோ லாங்கெஸ்டர் அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். 1993-இல் ரிக் ஸ்லாட்கி இரண்டையும் ஒன்றாக்கினார். ஒரு நிரல் எந்தக் கோப்பைத் தேடித் தவித்தது, எங்கே நின்றுபோனது என்பதை மூலநிரல் கையில் இல்லாமலேயே பார்த்துவிடலாம்.

கெர்னல் தருவது எண் மட்டுமே. அதைப் பெயராக மாற்றும் அட்டவணை ஸ்ட்ரேஸிடம்தான் இருக்கிறது. கெர்னலில் புது அழைப்பு சேர்ந்து, கருவி பழையதாகவே இருந்தால், பெயர் தெரியாமல் வெறும் எண்ணைத்தான் காட்டும்.

இதைவிடச் சிக்கலான நிலையும் உண்டு. கோப்பைத் திறக்க முதலில் 'ஓபன்' என்ற அழைப்பு இருந்தது. கோப்புறை இடையில் மாற்றப்பட்டாலும் ஏமாறாமல் இருக்க, 2006-இல் 'ஓபன்அட்' லினக்ஸில் சேர்ந்தது. பழைய நிரல்கள் உடையக் கூடாது என்பது லினஸ் டோர்வால்ட்ஸின் கண்டிப்பான விதி. அதனால் பழையதும் அப்படியே இருந்தது. ஆனால் 2017-இல் வந்த ஜிலிப்சி 2.26 நூலகம், நிரலாளர் 'ஓபன்' என்று எழுதினாலும் கெர்னலிடம் 'ஓபன்அட்' என்றே கேட்கத் தொடங்கியது.

விளைவைப் பாருங்கள். பழைய குறிப்பைப் பார்த்து 'ஓபன்' அழைப்பை மட்டும் வடிகட்டித் தேடியவருக்குத் திரையில் ஒன்றுமே வராது. பிழைச் செய்தியும் இருக்காது. நிரல் எந்தக் கோப்பையும் தொடவில்லை என்றே அவர் முடிவுகட்டுவார். நிரலோ பல கோப்புகளைத் திறந்திருக்கும்! 2020-இல் 'ஓபன்அட்2' வேறு சேர்ந்துகொண்டது.

கெர்னல் மாற மாற ஸ்ட்ரேஸும் கூடவே ஓட வேண்டியிருக்கிறது. 2019-இல் லினக்ஸ் 5.0 வந்த அதே மாதத்தில் ஸ்ட்ரேஸ் 5.0-உம் வெளிவந்தது. இன்றைக்கு இரண்டின் பதிப்பு எண்களும் ஒன்றையொன்று ஒட்டியே செல்கின்றன.

கணினி பற்றிய பகுதியை வகுப்பில் வாசிக்கும்போது மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்களேன்: 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதும் 'ஒன்றும் தெரியவில்லை' என்பதும் ஒன்றா?