ஒன்ஸ்மோரும் மதிப்பெண்ணும்

அஸ்தம்பட்டி ரவுண்டானாவைத் தாண்டி ஏற்காடு சாலையில் போகிறவர்கள், மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய தோரண வாயிலைப் பார்க்கலாம். ஸ்டூடியோ போய்விட்டது, வாயில் மட்டும் நிற்கிறது. இந்த வட்டாரத்தில் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சங்கீத நாடகம் போட்டால், அதற்கு மதிப்பெண் போட உட்காருகிறவர்கள் அந்த வாயிலைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் அதற்குள் புகுந்த நடிகர்களில் பலர், பள்ளிக்கூடம் போகிற வயதில் நாடகக் கம்பெனிக்குப் போனவர்கள்.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். பெரிய நடிகர்கள் மேடையில் பாடத்தை விட்டுவிட்டுப் பாட்டிலும் தர்க்கத்திலும் மல்லுக்கு நின்ற காலம் அது. சிறுவர்களானால் சொன்னபடி கேட்பார்கள். தி. க. சண்முகம் அங்கே சேர்ந்தபோது அவருக்கு வயது 6. அந்தச் சிறுவனுக்காகச் சுவாமிகள் ஒரே இரவில் ‘அபிமன்யு சுந்தரி’யை எழுதி முடித்தார். பாட்டும் வசனமும் பிள்ளைக்குத் தக்கபடி பிறந்தன. நாடகத்துக்குத் தக்கபடி பிள்ளையை வளைக்கவில்லை.

கம்பெனிக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். ஆகவே சுருதியை ஏற்றிப் பாடவேண்டும். ஜனங்கள் “ஒன்ஸ்மோர்” என்று கூவினால் அதுவே தீர்ப்பு. டிக்கெட் விற்றுச் சோறு போடும் முதலாளிக்கு வேறு அளவுகோல் கிடையாது. இப்படிக் குரலே மூலதனமான இடத்தில், பையனுக்கு மகரக்கட்டு வந்துவிட்டால் என்ன ஆகும்? நேற்றுவரை ராஜபார்ட், இன்று கூட்டத்தில் ஒருவன். அந்தப் பிள்ளையின் மனத்துக்கு எவரும் மதிப்பெண் போடவில்லை.

சினிமா இன்னொரு கதவைத் திறந்தது. டி. ஆர். சுந்தரம் 1935-ல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவினார். பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த பி. யு. சின்னப்பா, 1940-ல் அங்கே ‘உத்தம புத்திர’னில் இரட்டை வேடம் தாங்கினார். மைக்கின் முன் கத்த வேண்டியதில்லை. மெல்லப் பாடினாலும் போதும்.

கம்பெனிக்கு நேர் எதிரான வழியும் இருந்தது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையை ஆரம்பித்தார். படித்த உத்தியோகஸ்தர்களும் வக்கீல்களும் வயிற்றுக்காக அல்லாமல் கலைக்காக நடித்தார்கள்.

பள்ளி நாடகம் எந்த ஜாதி? பிள்ளைகளுக்கு அதில் கூலியில்லை. ஆகையால் அது பம்மலின் பக்கம்தான். ஆனால் நாமோ கம்பெனிக் கொட்டகை ரசிகர்களைப் போல, உச்சஸ்தாயியில் பாடுகிற பையனுக்கே கோப்பையைக் கொடுத்துவிடுகிறோம். இன்று மேடையில் மைக் இருக்கிறது; பழைய அவசியம் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை.

சுவாமிகள் காட்டிய வழியில் பார்த்தால் கேள்விகள் வேறு. பாட்டு, பாடுகிறவன் குரலுக்குத் தக்க சுருதியில் அமைந்ததா? சொல் தெளிவாகக் கேட்டதா? ஈட்டி பிடித்து நிற்கும் சேவகனுக்கும் கதை தெரியுமா? குரல் உடைகிற வயதில் இருக்கும் பையனை வாத்தியார் ஒதுக்கிவிட்டாரா, அவனுக்கென்று ஒரு வசனப் பகுதி எழுதித் தந்தாரா?

கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். ஒன்ஸ்மோர் கேட்பது ஜனங்களின் வேலை. கேட்கப்படாத குரலைக் கவனிப்பது நடுவரின் வேலை.