'அறுத்துக்கட்டும் சாதி': வசவாக்கப்பட்ட ஓர் உரிமையின் வரலாறு

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு வசவு இன்னும் உயிரோடு இருக்கிறது. "அதுக அறுத்துக்கட்டுற சாதிதானே" என்பார்கள். ஒருவர் கட்டிய தாலியை அறுத்துவிட்டு, இன்னொருவரோடு வாழப் போகும் பெண்களைக் கொண்ட சாதி என்று பொருள். சேரிப் பெண்களைப் பார்த்து இதைச் சொல்லும்போது அவர்களுடைய ஒழுக்கத்தையே குறை சொல்லிவிட்டதாக ஊர்த்தெருக்காரர் நினைத்துக்கொள்கிறார். கேட்கும் நம் பிள்ளைகளும் கூசிப்போகிறார்கள்.

கூச வேண்டியது நாமில்லை. ஒத்துவராத கணவனைவிட்டு விலகவும், விரும்பினால் வேறொருவரோடு வாழவும் உழைக்கும் சாதிப் பெண்களுக்கு இருந்த உரிமையைத்தான் இந்த வசவு குறிக்கிறது. அந்த உரிமை எப்படி இழிவாக மாறியது, சட்டம் வந்த பிறகும் நம் பெண்கள் கையில் ஏன் ஒரு தாள்கூட இல்லாமல் போனது என்பதைப் பார்ப்போம்.

துரும்பும் பரியமும்

மணமுறிவு மேலைநாட்டுப் பழக்கம், நகரத்துப் படித்த பெண்களின் வியாதி என்று மேடையில் பேசுவோர் மதுரை மாவட்டத்தின் பழைய பதிவுகளைப் புரட்டியிருக்க மாட்டார்கள். எட்கர் தர்ஸ்டன் 1909-ல் 7 தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் கள்ளர்களின் மணமுறிவு விவரிக்கப்பட்டிருக்கிறது. சாதிக்காரர் முன்னிலையில் கணவன் மனைவியிடம் ஒரு துரும்பைக் கொடுத்தால் அந்த மணம் முடிந்தது. துரும்பு கொடுப்பது என்றால் விலக்குவது. துரும்பு வாங்குவது என்றால் விலகலை ஏற்றுக்கொள்வது. கணவன் விலக்கினால் சொத்தில் பாதி தர வேண்டும், மனைவியும் ஒரு தொகையைக் கட்டிவிட்டு விலகலாம் என்ற வழக்கமும் அங்கே பதிவாகியிருக்கிறது. இன்று நம்மைப் பார்த்து 'அறுத்துக்கட்டுற சாதி' என்று சொல்கிறவர்களில் பலருடைய பாட்டிமாருக்கும் இதே உரிமை இருந்தது.

சேரிகளில் இதைத் 'தீர்த்துவிடுதல்' என்றார்கள். மாப்பிள்ளை வீட்டார் பரியம் போட்டுப் பெண் எடுப்பது வழக்கமாக இருந்ததால், தீர்த்துவிடும்போது பரியத்தைத் திருப்பிக் கொடுப்பதுதான் பேச்சின் மையம். பெரும்பாலும் பெண்ணின் தாய்வீட்டாரோ, அவளை அடுத்துக் கட்டிக்கொள்பவரோ அதைக் கட்டினார்கள். இதற்கொரு பொருளாதார அடிப்படை உண்டு. நடவு, களையெடுப்பு, அறுவடை எல்லாவற்றிலும் பாதிக்கு மேல் பெண்களின் உழைப்பு. தன் கூலியில் தான் சாப்பிடும் பெண், அடிக்கிற கணவனிடம் ஆயுள் முழுவதும் கிடக்கத் தேவையில்லை. அத்தை மகன், மாமன் மகன் என்று பக்கத்து ஊரிலேயே கட்டிக்கொடுத்ததால் தாய்வீடும் நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

ஆனாலும் இதைப் பொற்காலமாக்கிப் பேசக் கூடாது. பஞ்சாயத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஆண்கள். பெண் விலகினால் அபராதம், பிள்ளைகள் பெரும்பாலும் தகப்பன் வீட்டுக்கே. பரியம் திருப்பித் தர முடியாத ஏழைப் பெண் போக முடியாமல் அங்கேயே கிடந்தாள். நம் ஊர்க்கூட்டத்தின் முடிவையும் நிலம் வைத்திருந்த மேல்சாதிக்காரர் தலையிட்டு மாற்றிவிட முடிந்தது. உரிமை இருந்தது, ஆனால் அது ஆண்களின் வாய்ச்சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

மதுரைக் கலெக்டர் வழக்கு

ஆங்கிலேய நீதிமன்றங்கள் வந்தபோது இந்த வாய்ச்சொல்லுக்கு என்ன ஆனது? சட்டம் படிக்கும் தோழர்கள் எல்லோருக்கும் 'மதுரைக் கலெக்டர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி' வழக்கு தெரிந்திருக்கும். இராமநாதபுரம் ஜமீனில் கணவனை இழந்த ராணி ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தது செல்லுமா என்பது கேள்வி. 1868-ல் லண்டன் பிரிவி கவுன்சில் இதில் தீர்ப்புச் சொன்னபோது, தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் இந்துச் சட்டத்தில் எழுதப்பட்ட சாத்திரத்தையும் வெல்லும் என்றது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 'தெளிவாக நிரூபிக்கப்பட்ட' என்ற சொற்களைக் கவனியுங்கள். ஜமீனிடம் ஆவணம் இருந்தது, வக்கீல் இருந்தார், லண்டன் வரை போகப் பணம் இருந்தது. துரும்பையும் வெற்றிலையையும் சாட்சியாக வைத்துத் தீர்த்துவிட்ட கூலிக்காரப் பெண் எதைக் கொண்டுபோய் நிரூபிப்பாள்? சாத்திரத்தை யாரும் நிரூபிக்கத் தேவையில்லை. வழக்கத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும்.

இந்த அநீதியை அன்றே சுட்டிக்காட்டியவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி. 1868-ல் மதுரை நாட்டைப் பற்றிய விரிவான கையேட்டை எழுதிய ஜே.எச். நெல்சன், 1877-ல் சென்னை உயர்நீதிமன்றம் நடைமுறைப்படுத்தும் இந்துச் சட்டத்தை விமர்சித்து ஒரு நூல் வெளியிட்டார். சமஸ்கிருத நூல்களின் பெயரைக்கூடக் கேட்டிராத தமிழ்ச் சாதிகள் மேல் அவற்றைச் சட்டமாகத் திணிப்பது தவறு என்பது அவருடைய வாதம். உயர்நீதிமன்ற நீதிபதி இன்னஸ் அதை மறுத்து எழுதினார். நெல்சனின் வாதம் எடுபடவில்லை. திருமணம் பிரிக்க முடியாத புனிதச் சடங்கு என்ற பிராமணக் கருத்தே இந்துக்கள் எல்லோருக்குமான பொதுவிதியாக நின்றது. மற்றவர்களின் வழக்கம் விதிவிலக்காகச் சுருங்கியது.

மானம் என்ற பெயரில்

நீதிமன்றம் ஒரு பக்கம் என்றால் சாதி ஏணி இன்னொரு பக்கம். நிலமும் படிப்பும் வந்த சாதிகள் தங்களை உயர்த்திக் காட்டிக்கொள்ள முதலில் செய்தது பெண்களின் மறுமணத்தை நிறுத்தியதுதான். பரியம் போய் வரதட்சணை வந்தது. 'நாங்க அறுத்துக்கட்டாத சாதி' என்பது பெருமையானது. அந்தப் பெருமைக்கு எதிரே நிறுத்திக் காட்ட ஒரு சாதி தேவைப்பட்டது. அப்படித்தான் அந்த வசவு நம் தலையில் விழுந்தது.

1916-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் இளைஞர் அம்பேத்கர் இதன் அடிவேரைக் காட்டினார். சாதி நிலைக்க வேண்டுமென்றால் அகமணம் நிலைக்க வேண்டும். அகமணம் நிலைக்க வேண்டுமென்றால் தனித்து நிற்கும் பெண்ணைக் கட்டுப்படுத்த வேண்டும். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் இந்த வேலையைத்தான் செய்தன. விலகி நிற்கும் பெண்ணைப் பார்த்துச் சாதிச் சமூகம் ஏன் இவ்வளவு பதறுகிறது என்பதற்கு விடை அதில் இருக்கிறது. தன் வாழ்க்கையைத் தானே முடிவு செய்கிற பெண், அடுத்த முறை சாதி பார்க்காமலும் முடிவு செய்யலாம்.

அம்பேத்கர் கேட்டது

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, ஒத்துவராத மணத்தை ரத்து செய்யும் உரிமை இருபாலருக்கும் வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1949-ல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்து, மணவிலக்குக்கு வழிசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. அதே நேரத்தில் டெல்லியில் அண்ணல் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவுக்காகப் போராடிக்கொண்டிருந்தார். மணவிலக்கு இந்துப் பண்பாட்டுக்கு எதிரானது என்றவர்களிடம், இந்துக்களில் மிகப் பெரும்பான்மையான சூத்திரர்களிடம் அது வழக்கமாகவே இருக்கிறதே என்று திருப்பிக் கேட்டார். மசோதா முடக்கப்பட்டது. 1951 செப்டம்பர் 27 அன்று அவர் அமைச்சர் பதவியைத் துறந்ததற்கு அது முக்கியக் காரணம்.

அவர் வழக்கத்தை எடுத்துக்காட்டினார், ஆனால் வழக்கத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஊர்க்கூட்டத்தின் தயவில் கிடைப்பதை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறும் உரிமையாக்க நினைத்தார். 1955 இந்துத் திருமணச் சட்டம் அதை ஓரளவு நிறைவேற்றியது. இருவரும் சம்மதித்துப் பிரியும் வழி 1976-ல்தான் சேர்க்கப்பட்டது.

மதம் மாறிய நம் மக்களின் நிலை வேறு. அவர்களுக்கு 1869 மணவிலக்குச் சட்டம்தான். கணவன் மனைவியின் பிறன்மனை உறவை மட்டும் காட்டினால் போதும். மனைவியோ அதோடு கொடுமை, கைவிடுதல் போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். இந்தப் பாகுபாடு 2001-ல்தான் நீங்கியது.

நிரூபி என்கிறது சட்டம்

1955 சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்கப்படியான மணமுறிவு உரிமையைச் சட்டம் பாதிக்காது என்கிறது. அப்படியானால் ஊர்க்கூட்டத்தில் தீர்த்துவிட்டது செல்லுமா? அந்தச் சாதியில் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்றும், அதன்படிதான் பிரிந்தோம் என்றும் நிரூபித்தால் செல்லும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2005-ல் உச்சநீதிமன்றம் இதையே மீண்டும் உறுதிசெய்தது. 1868-ல் கேட்ட அதே நிரூபணம்!

இதன் விளைவு நம் குடும்பங்களில் எப்படி வந்து விழுகிறது? ஒரு பெண் முத்திரைத்தாளில் எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கிப் பிரிகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஒரு தூய்மைப் பணியாளரைக் கட்டிக்கொண்டு 20 ஆண்டுகள் வாழ்கிறாள். அவர் இறந்ததும் குடும்ப ஓய்வூதியத்துக்குப் போனால், முதல் மணம் நீதிமன்றத்தில் முறிந்ததா என்று கேட்பார்கள். வெறும் முத்திரைத்தாள் மணத்தை முறிக்காது. முதல் மணம் நடப்பில் இருக்கும்போது செய்த இரண்டாவது மணம் சட்டப்படி செல்லாது. அவள் பெற்ற பிள்ளைகளைச் சட்டம் முறையான வாரிசாக ஏற்கும், அவளை ஏற்காது.

தாள் இல்லாமல் வாழ்பவர்கள் கொஞ்சப்பேர் இல்லை. 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் மணவிலக்குப் பெற்றவர்கள் ஏறத்தாழ 13.6 லட்சம். பிரிந்து வாழ்பவர்கள் ஏறத்தாழ 35 லட்சம். இரண்டு வகையிலும் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். மணவிலக்கு கூடிவிட்டது, குடும்பம் அழிகிறது என்று புலம்புவோர் இந்த இரண்டாவது எண்ணைப் பார்ப்பதில்லை. வாழவும் முடியாமல், முறிக்கவும் முடியாமல், ரேஷன் அட்டையில் இன்னொருவர் மனைவியாகவே இருந்துகொண்டு தாய்வீட்டுத் திண்ணையில் பிள்ளை வளர்க்கிறவர்கள் இவர்கள்.

பிரித்துவைக்கும் சாதி

மணத்தைப் பிரிப்பது பாவம் என்கிற அதே சாதி, மணம் சாதியைத் தாண்டினால் தானே பிரித்துவைக்கிறது. 2014-ல் உசிலம்பட்டிப் பகுதியில் தலித் இளைஞரை மணந்த பெண்ணைப் பிரித்துக் கொண்டுபோய், வேறொருவருக்குக் கட்டிவைத்தார்கள். சில நாட்களில் அவர் பிணமானார். அந்த வழக்கில் 2016 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம், சாதி மறுப்பு இணையரைக் காக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் தனிப்பிரிவு அமைக்க உத்தரவிட்டது. அவர்கள் தடுப்பது பிரிவை என்றால் இதைச் செய்திருக்க மாட்டார்கள். பெண் தானாக முடிவெடுப்பதைத்தான் தடுக்கிறார்கள்.

நாம் செய்ய வேண்டியது

முதலில், அந்த வசவைக் கேட்டு நம் வீட்டிலேயே நாம் நடிக்கத் தொடங்கியிருப்பதை நிறுத்த வேண்டும். இரண்டு பட்டம் வாங்கிய குடும்பங்களில் "நம்மளும் அவங்கள மாதிரி மானமா இருக்கணும்" என்று அடிவாங்கும் மகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். பாட்டிக்கு இருந்த உரிமையைப் பேத்திக்கு மறுப்பது முன்னேற்றம் ஆகாது.

அடுத்தது, தாள். ஊரில் பேசித் தீர்த்தாலும் குடும்பநல நீதிமன்றத்தில் பதிவுசெய்யாமல் விடக் கூடாது. இருவருக்கும் சம்மதம் என்றால், ஓராண்டு பிரிந்து வாழ்ந்த பிறகு பரஸ்பர சம்மத மனு போடலாம். ஏற்கெனவே வழக்கப்படி பிரிந்தவர்கள் தங்கள் மணநிலை பற்றி நீதிமன்றத்தில் விளம்புகை கேட்கலாம். செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987 சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு. தொலைபேசி எண் 15100. மறுமணம் செய்யாதவரை மணவிலக்குப் பெற்ற பெண்ணும் ஜீவனாம்சம் கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181.

சாதி மறுப்பு மணத்தில் பிறந்து, தலித் தாயிடமே வளரும் பிள்ளைக்குத் தகப்பன் சாதிதான் என்று தாசில்தார் அலுவலகத்தில் சொன்னால் விட்டுவிடாதீர்கள். தாயின் சமூகத்தில் வளர்ந்து, அதே ஒடுக்குமுறையை அனுபவித்ததைக் காட்டித் தாயின் சாதிச் சான்று கேட்க வழியுண்டு என்று 2012-ல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

கடைசியாக மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் மூதாட்டிகளிடம் போய், யார் எப்படித் தீர்த்துவிட்டார்கள், என்ன சொல்லிப் பிரிந்தார்கள், பரியம் என்ன ஆனது, பிள்ளைகள் யாரிடம் வளர்ந்தார்கள் என்று கேட்டு, ஊர், ஆண்டு விவரத்தோடு எழுதிவையுங்கள். பெயரை வெளியில் சொல்ல வேண்டாம் என்றால் அந்த விருப்பத்தை மதியுங்கள். வழக்கத்தை நிரூபி என்று நீதிமன்றம் 150 ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. நிரூபிக்கத் தெரிந்த பாட்டிகள் இன்னும் கொஞ்சப் பேர்தான் நம்மோடு இருக்கிறார்கள்.