இடைவேளை 15 நிமிஷம்தான்... ஃபுட்பால் கோச் என்ன பேசுவார்?

2019 மார்ச் 9, கோவை நேரு ஸ்டேடியம். ஐ-லீக் கோப்பை யாருக்குன்னு முடிவாகும் நாள். இடைவேளையில் மினர்வா பஞ்சாப்பிடம் 0-1 என பின்தங்கியிருந்தது சென்னை சிட்டி. கோச், சிங்கப்பூரின் அக்பர் நவாஸ். டீமில் தமிழ்நாட்டுப் பசங்களும் இருந்தாங்க, ஸ்பெயின் வீரர்களும் இருந்தாங்க. விதிப்படி இடைவேளை அதிகபட்சம் 15 நிமிடம்.

ஆட்டம் நடக்கும்போதே கத்திச் சொல்லலாமே? சொல்லலாம், காதில் விழணுமே! திருவண்ணாமலை பௌர்ணமி கிரிவலத்தில், நாலு வரிசை முன்னாடி போறவரைக் கூப்பிட்டுப் பாருங்க, தெரியும். வீரர்கள் இயர்போன் மாட்டவும் அனுமதி இல்லை. 'டெக்னிக்கல் ஏரியா'வில் நின்று ஒரு நேரத்தில் ஒருவர்தான் யோசனை சொல்லலாம். அத்துமீறினால் இப்போது கோச்சுக்கே கார்டு. அதனால்தான் கை சைகை, கோட்டோரம் ஓடும் வீரரிடம் சொல்லி அனுப்புவது எல்லாம்.

இடைவேளையிலும் வந்ததும் திட்டினால் ஒண்ணும் ஏறாது. முதலில் தண்ணீர், மூச்சு. அப்புறம் ரெண்டு, மூணு விஷயம் மட்டும். "நல்லா ஆடுங்கடா" என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. "பந்து போனதும் நீ உள்ளே வா" என்றால் புரியும்.

அன்று இரண்டாம் பாதியில் பெட்ரோ மான்சி பெனால்டியில் ஒரு கோல், கௌரவ் போரா இரண்டு. 3-1. ஈஸ்ட் பெங்காலை ஒரே புள்ளியில் முந்தி கோப்பை சென்னை சிட்டிக்கு.