கன்டெய்னர் கிளஸ்டரில் பில்டு ரன்னர்கள்: பராமரிப்பும் ஆட்டோஸ்கேலிங்கும்

நிரலாளர் ஒருவர் தாம் எழுதிய கோடை ரெப்போவில் ஏற்றியதும், அதைக் கம்பைல் செய்து, சோதித்து, வெளியிடத் தயார் செய்யும் வேலைகளை வாங்கிச் செய்யும் மென்பொருள் பில்டு ரன்னர். கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ், கிட்லேப் போன்ற சேவைகள் ரன்னர்களைத் தாமே வைத்துத் தருகின்றன. ஆனால் அலுவலக உள்வலையில் இருக்கும் தரவுத்தளத்தை எட்டவேண்டியவர்கள், பெரிய நினைவகமோ ஜிபியுவோ தேவைப்படுபவர்கள், மாதக் கட்டணம் கைமீறிப் போனவர்கள் சொந்த ரன்னர்களை நாடுகிறார்கள். அவற்றைக் குபெர்நெட்டிஸ் கிளஸ்டரில் ஓட்டுவதும், வேலை வரத்துக்கு ஏற்ப எண்ணிக்கையைத் தானாகக் கூட்டிக் குறைப்பதும் இன்று பரவலான நடைமுறை.

கூட்டுவதில் சிரமம் அதிகமில்லை. சிக்கலெல்லாம் குறைப்பதில்தான் இருக்கிறது. இணையத்தளம் ஒன்றின் பத்துப் பிரதிகளில் எதை நிறுத்தினாலும் மற்றவை வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும். நாற்பது நிமிடம் ஓடி முடியப்போகும் பில்டை நிறுத்தினால் அந்த நாற்பது நிமிடமும் வீண். குபெர்நெட்டிஸ் ஒரு பாட்டை, அதாவது கன்டெய்னர்கள் ஓடும் அலகை, நீக்கும்போது முதலில் நிறுத்தச் சொல்லி சிக்னல் அனுப்புகிறது. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் 30 வினாடி பொறுத்துவிட்டுக் கொன்றுவிடுகிறது. பெரும்பாலான பில்டுகளுக்கு 30 வினாடி போதாது.

இதனால்தான் குபெர்நெட்டிஸில் ஏற்கெனவே உள்ள ஹாரிசான்டல் பாட் ஆட்டோஸ்கேலர் இந்த வேலைக்குப் பொருந்துவதில்லை. அது வழக்கமாகப் பார்ப்பது சிபியு பயன்பாட்டை. ரன்னர் பேக்கேஜ்களை இறக்கிக்கொண்டிருக்கும்போது சிபியு ஏறக்குறைய சும்மா இருக்கும். ஆட்டோஸ்கேலரின் கண்ணுக்கு அது வேலையற்ற பாட். இன்னொரு பக்கம், வரிசையில் ஐம்பது வேலைகள் காத்திருந்தாலும் அந்தச் செய்தி சிபியு அளவில் எங்கும் தெரியாது. வரிசையைப் பார்த்துக் கூட்டவேண்டும், வேலை முடிந்ததைப் பார்த்துக் குறைக்கவேண்டும். நல்ல ஏற்பாடுகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்தே பிறந்தவை.

கிட்ஹப் தரப்பில் இதற்கென உள்ள கருவி ஆக்‌ஷன்ஸ் ரன்னர் கண்ட்ரோலர். நிறுவனத்துக்கு வெளியே திறமூலத் திட்டமாகத் தொடங்கி, பின்னர் கிட்ஹப்பின் அதிகாரபூர்வத் திட்டமானது. முந்தைய வடிவத்தில் ஏபிஐயை அடிக்கடி கேட்டு வரிசையை அறியவேண்டும், அல்லது கிட்ஹப் அனுப்பும் வெப்ஹூக்கை வாங்கக் கிளஸ்டருக்கு வெளிவாசல் திறந்துவைக்கவேண்டும். 2023 இல் நிலைபெற்ற ரன்னர் ஸ்கேல் செட் முறையில் இரண்டும் தேவையில்லை. லிசனர் என்ற சிறிய பாட் கிளஸ்டருக்குள்ளிருந்து கிட்ஹப்புக்கு எச்டிடிபிஎஸ் இணைப்பு ஒன்றைத் திறந்து, பதில் வரும்வரை காத்திருக்கிறது. வேலை வந்ததென்ற செய்தி அந்த வழியே வருகிறது. உச்சவரம்பு இடங்கொடுத்தால் லிசனர் அதை ஏற்று, எத்தனை ரன்னர் தேவை என்ற எண்ணைத் திருத்துகிறது. கண்ட்ரோலர் அந்த ஒரு ரன்னருக்கு மட்டும் செல்லும் பதிவு டோக்கனைப் பெற்றுப் பாட்டை உருவாக்குகிறது. பாட் எழாமல் தோற்றால் ஐந்து முறைவரை மறுபடி முயல்கிறது. 24 மணி நேரத்துக்குள் எந்த ரன்னரும் வேலையை எடுக்காவிட்டால் கிட்ஹப் அந்த ஒதுக்கீட்டைக் கைவிடுகிறது.

இந்த முறையில் ஒரு ரன்னருக்கு ஒரே வேலை. அது முடிந்ததும் பாட் அழிகிறது. எதைக் குறைப்பது என்ற கேள்வியே இங்கு எழுவதில்லை, ஏனென்றால் வேலை முடிந்தவை தாமாகவே போய்விடுகின்றன. முந்தைய பில்டு விட்டுச்சென்ற கோப்போ கடவுச்சொல்லோ அடுத்த பில்டின் கையில் சிக்குவதும் இல்லை. நீண்டகாலம் உயிரோடிருக்கும் ரன்னர்களைக் கிளஸ்டரில் வைத்திருக்க இன்று தக்க காரணம் ஏதுமில்லை. கிட்லேப் ரன்னரின் குபெர்நெட்டிஸ் எக்ஸிக்யூட்டரும் இதே வழிதான். நிலையான மேலாளர் ஒன்று சில வினாடிக்கொரு முறை வேலை இருக்கிறதா என்று கேட்டு, வேலைக்கொரு பாட் எழுப்புகிறது.

பாட்டுக்குக் கீழே, அவை ஓடும் கணினிகளான நோடுகள் என்ற இன்னொரு தளம் இருக்கிறது. கிளஸ்டர் ஆட்டோஸ்கேலர் 10 வினாடிக்கொரு முறை இடம் கிடைக்காமல் நிற்கும் பாட்களைத் தேடிப் புதிய நோடு கேட்கிறது. 10 நிமிடம் தேவையற்றுக் கிடக்கும் நோடை அகற்றுகிறது. கார்பென்டர் என்ற இன்னொரு நோடு ஆட்டோஸ்கேலர் இன்னும் ஊக்கமானது, செலவைக் குறைக்கப் பாட்களை வேறு நோடுக்குத் தள்ளி அடுக்கும். இணையத்தளத்துக்கு அது சேமிப்பு, பில்டுக்கோ மரணம். ஆகவே ரன்னர் பாட்டின் வரையறையில், கிளஸ்டர் ஆட்டோஸ்கேலருக்கு ‘சேஃப் டு எவிக்ட்’ என்பதைப் பொய் என்றும், கார்பென்டருக்கு ‘டு நாட் டிஸ்ரப்ட்’ என்பதை மெய் என்றும் குறித்துவைக்கவேண்டும். அமேசானின் மலிவான ஸ்பாட் கணினிகளை வாங்குவோர், அவை திரும்பப் பெறப்படும்போது கிடைப்பது இரண்டு நிமிட முன்னறிவிப்பு மட்டுமே என்பதை மனத்தில் வைத்து, குறுகிய சோதனைகளை மட்டும் அங்கே விடவேண்டும். புதிய நோடு எழும்வரை நிரலாளர்கள் காத்திருப்பதைத் தவிர்க்க, குறைந்த முன்னுரிமையுள்ள வெற்றுப் பாட்களால் ஒரு நோடின் இடத்தை முன்கூட்டியே பிடித்துவைப்பது வழக்கம். உண்மையான ரன்னர் வந்ததும் அவை இடம்விட்டு நகர்ந்துவிடும்.

வள வரம்புகளில் ஒரு பொறி பலரை வீழ்த்துகிறது. 64 கோர் நோடில் 4 கோர் வரம்போடு ஓடும் பாட்டுக்குள், கோர்களை எண்ணிச்சொல்லும் ‘என்பிராக்’ கட்டளையின் பழைய பதிப்புகளை ஓட்டினால் 64 என்றே பதில் வரும், ஏனென்றால் சிபியு ஒதுக்கீட்டு வரம்பை அவை பார்ப்பதில்லை. அந்த எண்ணை நம்பி ‘மேக்’ 64 கம்பைலர்களை ஒரே நேரத்தில் தொடங்கும். நான்கு கோரில் அத்தனையும் திணறும், நினைவகம் நிரம்பும், கர்னல் கொன்றுபோடும். பதிவில் மிஞ்சுவது 137 என்ற வெளியேற்றக் குறியீடு மட்டும். அதாவது 128 உடன் ஒன்பதாம் எண் சிக்னல். கோடில் பிழை தேடி நிரலாளர் ஒரு நாளையே இழப்பார். இணைச் செயல்களின் எண்ணிக்கையைப் பாட் வரையறையிலேயே சூழல் மாறியாக எழுதிவைப்பது இதைத் தடுக்கும்.

பில்டுக்குள்ளேயே கன்டெய்னர் இமேஜ் கட்டுவது தனிச் சிக்கல். நோடின் டாக்கர் சாக்கெட்டை இரவல் வாங்கும் பழைய பழக்கத்துக்கு, டாக்கரோடு இணைக்கும் டாக்கர்ஷிம் நீக்கப்பட்ட குபெர்நெட்டிஸ் 1.24 பதிப்போடு, 2022 இல், அடிப்படையே போய்விட்டது. டாக்கருக்குள் டாக்கர் ஓட்டுவதற்கு நோடையே கைப்பற்றக்கூடிய சிறப்பு அதிகாரம் வேண்டும். இமேஜ் கட்டும் கருவிகளில், ரூட் அதிகாரம் இல்லாமலும் ஓடக்கூடிய பில்ட்கிட்டே மேல். சிறப்பு அதிகாரம் தவிர்க்கமுடியாததானால் அந்த ரன்னர்களைத் தனி நோடுகளில் அடைக்கவேண்டும். பொது ரெப்போக்களுக்குச் சொந்த ரன்னர் வைக்கவே கூடாது. யார் வேண்டுமானாலும் ஃபோர்க் எடுத்து அனுப்பும் கோடு உங்கள் உள்வலையில் ஓடும்.

ஒரே வேலையோடு அழியும் ரன்னருக்குக் கொடுக்கும் விலை, ஒவ்வொன்றும் வெறுங்கையோடு பிறப்பது. ஒவ்வொரு பில்டும் அடிப்படை இமேஜ்களையும் நூலகங்களையும் மறுபடி இறக்குகிறது. டாக்கர் ஹப் 2020 நவம்பரில் அடையாளம் காட்டாத பயனர்களுக்கு ஆறு மணி நேரத்தில் 100 இறக்கம் என்ற வரம்பைக் கொண்டுவந்தது. கிளஸ்டரின் பாட்கள் அனைத்தும் ஒரே வெளி முகவரியில் போகுமானால், பரபரப்பான காலைப்பொழுதில் அந்த நூறு விரைவில் தீரும். கிளஸ்டருக்குள்ளேயே மிரர் ரெஜிஸ்ட்ரியும் பேக்கேஜ் ப்ராக்ஸியும் நிறுவுவது முதல் நாளிலேயே செய்யவேண்டிய வேலை.

தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவைத்தவர்கள், கிட்ஹப் ரன்னரின் புதிய பதிப்பு வந்த 30 நாளுக்குள் தங்கள் இமேஜை மீண்டும் கட்டவேண்டும். தவறினால் அந்த ரன்னருக்கு வேலை வருவது நின்றுவிடும். கண்ட்ரோலரைப் பதிப்பு உயர்த்துவது இன்னும் தொல்லை. அதை நிறுவப் பயன்படும் ஹெல்ம் கருவி குபெர்நெட்டிஸின் தனிப்பயன் வள வரையறைகளைப் புதுப்பிக்காது என்பதால், ஸ்கேல் செட்களை முதலில் நீக்கி, கண்ட்ரோலரை நீக்கி, வரையறைகள் மாறியிருந்தால் அவற்றையும் அழித்து, எல்லாவற்றையும் புதிதாக நிறுவவேண்டும். அதுவரை வேலைகள் வரிசையில் நிற்கும். இதைத் தாங்கமுடியாத அணிகள் இரண்டு கிளஸ்டர்களில் ஒரே பெயரில், வெவ்வேறு ரன்னர் குழுக்களில், ஸ்கேல் செட் வைத்துக்கொள்கின்றன. ஒன்றைப் பிரித்துப்போட்டிருக்கும்போது வேலைகள் மற்றதற்குப் போய்விடும்.