ஈரக் காற்றும் இடங்காண் நிலையங்களும்: ஜப்பானின் ஜியோநெட் வலையமைப்பில் வானிலைப் பிழையின் வரலாறு

மழை கொட்டினால் செயற்கைக்கோள் வழி இடங்காணும் கருவிகள் தடுமாறும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் அனுப்பும் சுமார் 19, 24 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைகளை மழைத்துளிகள் பெரிதாகப் பாதிப்பதில்லை. தொல்லை கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத நீராவி. அதன் அளவைவிட, அது இடத்துக்கு இடம் மாறும் விதமே நிரந்தர நிலையங்களின் வலையமைப்புகளை அதிகம் அலைக்கழித்திருக்கிறது. இந்தப் பிழையை ஆய்வாளர்கள் எப்படி இனங்கண்டார்கள், எப்படிக் கையாண்டார்கள் என்பதை ஜப்பானின் ஜியோநெட் வலையமைப்பை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை பின்தொடர்கிறது.

சிக்கல் செயற்கைக்கோள்களுக்கு முந்தையது. 1957-இல் தென்னாப்பிரிக்காவின் டிரெவர் வாட்லி உருவாக்கிய டெல்லுரோமீட்டர் நுண்ணலைகளைக் கொண்டு தொலைவை அளந்தது. காற்றின் ஈரப்பதம் தெரியாமல் அந்த அளவைத் திருத்த முடியவில்லை. செயற்கைக்கோள் யுகத்தில் இதை முறைப்படுத்தியவர்கள் இருவர். டிரான்சிட் இடங்காண் அமைப்பு உருவான ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹெலன் ஹாப்ஃபீல்ட், 1969-இல் வளிமண்டலத்தின் உலர் பகுதிக்கும் ஈரப் பகுதிக்கும் தனித்தனிக் கோவைகளைக் கொடுத்தார். 1972-இல் சாஸ்டமாய்னன் என்ற ஆய்வாளர், உலர் தாமதத்தை, அதாவது உலர் பகுதியால் அலை தாமதமாவதைத் தொலைவாகக் குறிக்கும் அளவை, தரைமட்டக் காற்றழுத்தத்திலிருந்தே கணிக்கும் எளிய சூத்திரத்தை வெளியிட்டார். கடல்மட்டத்தில், நேர் தலைக்கு மேலிருந்து வரும் அலைக்கு அது சுமார் 2.3 மீட்டர். அழுத்தத்தை 1 ஹெக்டோபாஸ்கல் தவறாக அளந்தாலும் தாமதக் கணக்கில் வரும் பிழை 2.3 மில்லிமீட்டர்தான். ஆக, உலர் பகுதி பாரமானிக்குக் கட்டுப்பட்டுவிட்டது.

ஈரப் பகுதி கட்டுப்படவில்லை. குளிர்ந்த வறண்ட காற்றில் சில சென்டிமீட்டராக இருக்கும் அது, வெப்பமண்டல ஈரக் காற்றில் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். தரையில் அளக்கும் ஈரப்பதம் மேலே என்ன நடக்கிறது என்பதைச் சரியாகச் சொல்வதில்லை. அயனி மண்டலத்தால் நேரும் தாமதத்தின் பெரும்பகுதியை இரண்டு அலைவரிசைகளை இணைத்து நீக்கிவிடலாம். அடிவளி மண்டலத் தாமதமோ எல்லா அலைவரிசைகளுக்கும் ஒன்றே என்பதால் அந்த உத்தி இங்கே செல்லாது.

ஜியோநெட் இந்தச் சூழலில்தான் பிறந்தது. ஜப்பானின் அரசு நில அளவை நிறுவனம் 1994-இல் சுமார் 200 நிலையங்களுடன் இதைத் தொடங்கியது. 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரைச் சிதைத்த நிலநடுக்கத்துக்குப் பிறகு வலையமைப்பு வேகமாக விரிந்தது. இன்று சுமார் 1,300 நிலையங்கள், சராசரியாக 20 கிலோமீட்டருக்கு ஒன்று. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரோ சென்டிமீட்டரோ நகரும் புவியோட்டைக் கண்காணிப்பதே அதன் நோக்கம். அந்த அளவில் பார்க்கும்போது, தலைக்கு மேலான தாமதத்தில் 1 மில்லிமீட்டர் பிசகினால் உயரத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் பிசகும் என்ற கணக்கு பெருங்கவலையாகிறது. கோடையில் ஈரப் பருவக்காற்றின் கீழிருக்கும் ஜப்பானில், நிலையங்களின் அன்றாட இடக்கணிப்புகள் குளிர்காலத்தைவிட அதிகம் சிதறின.

அருகருகே உள்ள இரு நிலையங்களுக்கு மேலே ஒரே காற்று இருந்தால், ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும்போது பிழையும் கழிந்துபோகும். வலையமைப்பு முறையின் பலமே இதுதான். அது எங்கே முறிகிறது என்பதை 1997 மார்ச்சில் ஈசூ தீபகற்பம் காட்டியது. அதன் கிழக்குக் கடலோரத்தில் அப்போது சிறு நிலநடுக்கங்கள் திரளாக வந்துகொண்டிருந்தன. தரை நகர்கிறதா என்று ஆய்வாளர்கள் நிலையங்களைக் கூர்ந்து கவனித்தார்கள். ஒரு நாள் சில நிலையங்கள் வழக்கத்துக்கு மாறான இடப்பெயர்ச்சியைக் காட்டின. மலையைக் கடந்து வந்த காற்று அதன் மறுபுறம் அலையலையாக எழுந்து தாழ்ந்ததும், அதனால் ஈரக்காற்றும் வறண்ட காற்றும் பட்டைகளாக நின்றதும்தான் காரணம் என்று 2002-இல் வெளியான ஆய்வு நிறுவியது. நிலநடுக்கக் காலத்தில் வானிலை இட்ட பொய்க் கையெழுத்து அது. இந்த வரலாற்றில் மிகவும் கவனத்துக்குரிய நிகழ்வாக நான் கருதுவது இதையே. அடர்த்தியான வலையமைப்பு இல்லாமல் இருந்திருந்தால், பிழை என்று அதை யாரும் சந்தேகித்திருக்கவே மாட்டார்கள்.

இதற்குள் பார்வை மாறத் தொடங்கியிருந்தது. மைக்கேல் பெவிஸும் அவருடைய குழுவினரும் 1992-இல் வெளியிட்ட கட்டுரை, ஈரத் தாமதத்தை நீராவி அளவாக மாற்றும் வழியைக் காட்டியது. தோராயமாக 6.5 மில்லிமீட்டர் தாமதம், காற்றுத் தூணில் உள்ள 1 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். இசாவோ நைட்டோ முன்னின்று நடத்திய ஜப்பானியத் திட்டம், நில அளவையாளர்களையும் வானிலையாளர்களையும் 1990-களின் பிற்பகுதியில் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. ஒரு தரப்பு தூக்கி எறிய விரும்பியதை மறு தரப்பு கேட்டு வாங்கிக்கொண்டது. 2009-இல் ஜப்பான் வானிலை முகமை ஜியோநெட்டின் நீராவித் தரவைத் தன் வட்டார முன்கணிப்பு மாதிரியில் சேர்த்தது.

கணிப்பு நுட்பமும் இணையாக வளர்ந்தது. சாய்வாக வரும் அலையின் தாமதத்தை உச்சித் தாமதத்தோடு இணைக்கும் சார்புகளை 1996-இல் ஆர்தர் நீல் மேம்படுத்தினார். 2006-இல் வியன்னா குழுவினர் வானிலை மாதிரிகளையே அதற்கு அடிப்படையாக்கினார்கள். தாமதம் எல்லாத் திசைகளிலும் ஒன்றே என்ற அனுமானத்தைக் கைவிட்டு, எந்தப் பக்கம் ஈரம் கூடுகிறது என்பதையும் சேர்த்துக் கணித்தால் கோடைக் காலத் துல்லியம் மேம்படுவதை 2003-இல் வெளியான ஜியோநெட் ஆய்வு காட்டியது. ஆனால் உயரத்தையும் தாமதத்தையும் பிரித்தறியத் தாழ்வான கோணத்து அலைகள் தேவை. 5 பாகைக் கோணத்தில் வரும் அலை, உச்சியிலிருந்து வருவதைப்போல் பத்து மடங்கு காற்றைக் கடக்கிறது. சீரற்ற ஈரத்தை மிகுதியாகச் சுமந்து வருவதும் அதுவே. இந்த முரணைத் தீர்க்கும் சூத்திரம் எதுவும் இல்லை, சமரசம்தான் உண்டு.

வானிலை தரையையே அசைக்கும்போது கேள்வி இன்னும் சிக்கலாகிறது. ஜியோநெட் தரவில் ஆண்டுதோறும் திரும்பும் ஏற்ற இறக்கத்துக்கும் பெரும் நிலநடுக்கங்கள் வரும் பருவத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2001-இல் முரகாமியும் மியாசாகியும் எழுதினார்கள். வடகிழக்கு ஜப்பானில் அந்த அசைவுக்கு மலைகளின் மேற்குச் சரிவில் குவியும் பனியின் பாரமே காரணம் என்று அதே ஆண்டில் கோசுகே ஹெக்கி விளக்கினார். சுகுபாவில் நிலத்தடி நீர் மட்டத்தின் பருவ மாற்றம் தரையைத் தாழ்த்தி உயர்த்துவதை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. இவை பிழைகள் அல்ல, உண்மையான நகர்வுகள். ஆன்டெனாவின் மேல் படியும் பனி வேறு ரகம். சுவீடனின் ஸ்வேபோஸ் நிலையங்களில் அது சென்டிமீட்டர் அளவில் போலி உயர மாற்றத்தை உண்டாக்கியதை 1996-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்தது. ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்டு, ஆன்டெனாவைத் தாங்கும் தூண் மெல்லச் சாய்வதும் இந்த வகையே. வரைபடத்தில் எல்லாமே ஒரே வளைகோடாகத்தான் தெரியும். எது தரை, எது காற்று, எது தூண் என்று பிரிப்பது ஆய்வாளர் பொறுப்பு.

2002 முதல் ஜியோநெட் தரவு நிகழ்நேரத்தில் கிடைக்கத் தொடங்கியதும், பிழையைச் சுமக்க வேண்டியவர்களும் மாறினார்கள். நாள் முழுவதும் சேர்ந்த தரவைப் பொறுமையாக ஆராய்ந்த நிலவியலாளருக்குப் பதில், சில நொடிகளில் இடம் தெரிந்தாக வேண்டிய கட்டுமானப் பொறியாளரும் தானியங்கி டிராக்டரும் வந்தார்கள். சுற்றியுள்ள நிலையங்களின் தாமதங்களை இடைக்கணித்துத் திருத்தம் அனுப்புவதே இந்தச் சேவைகளின் அடிப்படை. 2018 நவம்பரில் ஜப்பானின் மிச்சிபிக்கி இடங்காண் செயற்கைக்கோள்கள் வழியே தொடங்கிய சென்டிமீட்டர் துல்லியச் சேவையும் ஜியோநெட் நிலையங்களிலிருந்து கணித்த அடிவளி மண்டலத் திருத்தத்தை அனுப்புகிறது. அந்தத் திருத்தம் தரப்படும் கட்டப்புள்ளிகளுக்கு இடையே ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கோடை இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர்தான். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அது எழும்பினால், அதன் ஈரத்தை இடைக்கணிப்பால் காட்ட முடியாது.