தவக்காலத்துக்கு முந்தைய வியாழன்

கத்தோலிக்கரின் நோன்புக் காலமாகிய தவக்காலம் திருநீற்றுப் புதனன்று தொடங்குவதால், அதற்கு முந்தைய வியாழக்கிழமையைப் போலந்து நாட்டவர் ‘கொழுப்பு வியாழன்’ எனக் கொண்டாடி, வீட்டிலுள்ள பன்றிக் கொழுப்பையும் முட்டையையும் வெண்ணெயையும் பலகாரமாக்கித் தீர்ப்பது நெடுங்கால வழக்கம். அந்நாளின் தலையாய பண்டம் போன்ச்கி. ஈஸ்ட் சேர்த்துப் பொங்கவைத்த மாவை உருட்டி, உள்ளே பழ ஜாம் வைத்துப் பொரித்தெடுக்கும், நடுவில் ஓட்டையில்லாத டோனட் அது.

இன்று அதற்குள்ள மென்மை தொடக்கத்திலேயே வாய்த்ததன்று. மூன்றாம் அகஸ்டஸ் மன்னரின் (1733–1763) காலத்துப் பழக்கவழக்கங்களை எழுதிவைத்த கிதோவிச் என்னும் பாதிரியார், பழைய போன்ச்கியை எறிந்தால் பட்டவர் கண் கன்றிப்போகும் என்றும், புதியதோ கையில் அழுத்தினாலும் மீண்டும் உப்பிவிடும் என்றும் எள்ளலோடு ஒப்பிடுகிறார். மிகைக்கூற்றுதான், ஆயினும் ஒரு நூற்றாண்டுக்குள் அடுப்படியில் நேர்ந்த மாற்றத்தை அது நன்றாகவே காட்டிவிடுகிறது. இன்றும் மாவில் சிறிது சாராயம் சேர்ப்பது கொழுப்பு உள்ளே ஏறாமலிருப்பதற்காக. நன்கு பொங்கிய உருண்டை கொழுப்பில் மூழ்காமல் மிதப்பதால் அதன் இடையைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று விழும், அதைப் பார்த்தே கைதேர்ந்தவர்கள் தரம் சொல்லிவிடுவார்கள்.

உள்ளீட்டின் வரலாறோ சர்க்கரையின் வரலாற்றோடு பின்னியது. பிளம் பழத்தைச் சர்க்கரையின்றியே பல மணி நேரம் காய்ச்சிக் கெட்டியாக்கும் ‘பொவித்வா’ எளியவர்க்கும் எட்டியது. ரோஜா இதழ்களைச் சர்க்கரையோடு அரைக்கும், நம் குல்கந்தை ஒத்த உள்ளீடு, கடல் கடந்து வந்த கரும்புச் சர்க்கரையின் விலை இறங்காதவரை செல்வர் வீட்டுப் பண்டமாகவே இருந்திருக்க வேண்டும். பீட் கிழங்கிலும் அதே சர்க்கரை உண்டென்று வேதியியலாளர் மார்க்ராஃப் 1747-இல் பெர்லினில் கண்டறிய, அவர் மாணவர் ஆஷார்ட் உலகின் முதல் பீட் சர்க்கரை ஆலையை 1801-இல், இன்று போலந்துக்குள் அமைந்துள்ள சிலேசியாவின் கூனெர்ன் என்னும் ஊரில் கட்டினார். இவ்வாறு சர்க்கரை மலிவான பின்னர், 1869-இல் அந்தோனி பிளிக்லே வார்சாவில் தொடங்கிய இனிப்பகம் ரோஜா போன்ச்கிக்கே பெயர்பெற்றது.

போலந்து யூதர்கள் இதனைப் பாலஸ்தீனத்துக்குக் கொண்டுசென்றனர்; அவர்கள் கையில், சமயவிதி விலக்கிய பன்றிக் கொழுப்பின் இடத்தை எண்ணெய் பிடித்துக்கொண்டது. விளக்கின் எண்ணெய் தீராமல் எரிந்த அற்புதத்தை நினைவுகூரும் ஹனுக்கா பண்டிகைக்கு அது பொருத்தமாகவும் அமைந்தது. ஆனால் 1920-களில் ஹிஸ்டாட்ரூத் என்னும் தொழிலாளர் சங்கம் இதை முன்னிறுத்தியதற்குக் காரணம் பக்தியன்று: அப்பண்டிகையின் மற்றொரு பண்டமான உருளைக்கிழங்கு அடையை எவரும் வீட்டிலேயே சுட்டுக்கொள்வர், ஜாம் வைத்த டோனட்டுக்கோ அடுமனைத் தொழிலாளியை நாடவேண்டும் என்பதுதான்.